தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீரா?

வயலுக்குப் பக்கத்தில் வீடு வந்தால், கிணற்றுக்குப் பக்கத்தில் கழிவறைக் குழியும் வரும். சென்னைப் புறநகர்க் கிணறுகள் மற்ற ஊர்களுக்குச் சொல்லும் பாடம்.

சென்னைக்குத் தெற்கே, கீழ்க்கட்டளைக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது கோவிலம்பாக்கம். பக்கத்தில் நாராயணபுரம் ஏரி. அதன் உபரி நீர் போய்ச் சேரும் இடம் பள்ளிக்கரணை சதுப்புநிலம். ஏரிப் பாசனத்தை நம்பி விவசாயம் நடந்த பகுதி இது. பரங்கிமலை ஊராட்சி ஒன்றியத்தில் ஒரு கிராம ஊராட்சியாக இருந்தபோதே, பார்ப்பதற்கு நகரமாகிவிட்ட ஊர். பல்லாவரம் - துரைப்பாக்கம் 200 அடிச் சாலை வந்த பிறகு வயல்கள் மனைகளாயின, மனைகள் வீடுகளாயின.

வயல் போனாலும் கிணறுகள் உடனே போய்விடவில்லை. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, இந்தத் தென்புறநகர்ப் பகுதியின் விவசாயக் கிணறுகளில் இருந்து டேங்கர் லாரிகள் தண்ணீர் இறைத்துக்கொண்டு நகரத்துக்கு ஓடின. நெல்லுக்கு இறைத்த கிணறு, குடத்துக்கு இறைக்கும் கிணறாக மாறியது.

மாற்றம் அங்கேதான் இருக்கிறது. மாட்டுச் சாணமும் கழிவும் கலந்த தண்ணீர் நெல்வயலில் பாய்ந்தால் பயிர் வாடாது. அதே தண்ணீர் குழந்தையின் டம்ளருக்கு வந்தால், வாந்தி பேதியில் தொடங்கி டைபாய்டு, மஞ்சள் காமாலை வரை கொண்டுபோய் விடும். கிணற்றின் வேலை மாறும்போது, அதற்கான காவலும் மாற வேண்டும். இது கோவிலம்பாக்கத்துக்கு மட்டும் உரிய கதை இல்லை. நகரத்தை ஒட்டி வயலுக்குள் வீடு ஏறிவரும் ஊர் எதுவாக இருந்தாலும் அதற்கும் இதே நிலைதான்.

2024 டிசம்பர் முதல் வாரத்தில் பல்லாவரம் கன்டோன்மென்ட்டிலும் அதை ஒட்டிய பகுதியிலும் வாந்தி, வயிற்றுப்போக்கால் பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததுதான் காரணம் என்றார்கள் மக்கள். அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை. தண்ணீர் மாதிரிகள் ஆய்வுக்குப் போயின. கோவிலம்பாக்கத்தில் இருந்து பல்லாவரம் சில கிலோமீட்டர் தூரம்தான். இப்படி ஒரு சந்தேகம் எழும்போது கண்ணாலோ நாக்காலோ தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

குழியும் கிணறும் பேசிக்கொள்ளும் வழி

ஊரில் பல வீடுகளில் 'செப்டிக் டேங்க்' என்று சொல்லப்படுவது, உண்மையில் அடியில் தளம் போடாமல் சிமென்ட் உறை இறக்கிய குழிதான். முறையான செப்டிக் டேங்க்குக்கு அடித்தளமும் பூச்சுச் சுவரும் உண்டு. உள்ளே அறைகள் உண்டு. தெளிந்து வெளியேறும் நீருக்குத் தனியாக உறிஞ்சுகுழி உண்டு. உறை மட்டும் இறக்கிய குழியில் வருவதெல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிடும். அதனால்தான் அது பல வருடம் நிரம்பாமல் இருக்கிறது. "பத்து வருஷமாகச் சுத்தம் செய்யவே இல்லை" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். உள்ளே போனது எங்கே போனது என்று அப்போது கேட்க வேண்டும்.

மண் ஒரு நல்ல வடிகட்டி. ஈரம் குறைந்த, நெருக்கமான மண்ணின் வழியாக மெதுவாக இறங்கும்போது கிருமிகள் மண்துகளில் ஒட்டிக்கொண்டு மடியும். ஆனால், இரண்டு நேரங்களில் இந்த வடிகட்டி வேலை செய்யாது.

முதலாவது, மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து நிலத்தடி நீர் ஏறும்போது, குழியின் அடிப்பாகம் நீர்மட்டத்தைத் தொட்டுவிடும். அதன் பிறகு வடிகட்ட நடுவில் மண் இல்லை. குழியின் தண்ணீரும் கிணற்றின் தண்ணீரும் ஒரே தண்ணீர். ஏரியையும் சதுப்பையும் ஒட்டிய தாழ்வான இடங்களில் இது சீக்கிரம் நடக்கும்.

இரண்டாவது, பாறை. பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்தில் மண்ணுக்குக் கீழே கடினப்பாறை. அந்தப் பாறையின் வெடிப்புகளில் ஓடும் தண்ணீர்தான் கிணற்று ஊற்றாக வருகிறது. வெடிப்பில் ஓடும் தண்ணீரை மண் வடிகட்டுவதில்லை. ஒரு வாய்க்கால் போல அது கழிவை நெடுந்தூரம் இழுத்து வந்துவிடும். ஆழ்துளைக் கிணறு என்பதாலேயே தண்ணீர் சுத்தம் என்று நம்பக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

ருசியான கிணறு கொன்ற கதை

கழிவுக்குழி கிணற்றைக் கெடுக்கும் என்பதை உலகம் ஒரு பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1854-ல் லண்டனின் பிராட் ஸ்ட்ரீட்டில் காலரா வந்து, சில வாரங்களில் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கெட்ட காற்றால் நோய் வருகிறது என்று எல்லோரும் நம்பிய காலம். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தார். பெரும்பாலோர் ஒரே கைப்பம்பில் தண்ணீர் பிடித்தவர்கள். தூரத்து ஊரில் குடியிருந்த ஒரு பெண்மணியும் இறந்திருந்தார். விசாரித்தபோது, அந்தக் கிணற்றுத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்தார் என்பது தெரிந்தது. பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். பிறகு தோண்டிப் பார்த்தபோது, இடிந்துபோன ஒரு கழிவுக்குழி கிணற்றில் இருந்து சுமார் 3 அடி தள்ளி இருந்தது.

காலராக் கிருமியை ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1884-ல் கல்கத்தாவில் ஆராய்ந்தபோது, மக்கள் குளித்து, துவைத்து, குடிக்கவும் செய்த குளத்துத் தண்ணீரிலேயே அதைக் கண்டார்.

பழங்கதை என்று இதை ஒதுக்க முடியாது. 1992-ன் கடைசி மாதங்களில், அதுவரை உலகம் பார்க்காத ஒரு புதிய காலரா வகை சென்னையில் தலைகாட்டியது. முன்பு காலரா கண்டு தேறியவர்களின் உடலில் இருந்த எதிர்ப்புச் சக்தி இதனிடம் பலிக்கவில்லை. பெரியவர்களும் படுத்தார்கள். சில மாதங்களில் அது கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவியது. 'ஓ139 பெங்கால்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

கிணற்றுக்கு நான்கு காவல்

குடிக்கப் பயன்படும் கிணறு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பொதுச் சுகாதாரத் துறையில் பல காலமாகப் புழங்கும் அளவுகள் இருக்கின்றன.

தூரம்: கழிவறைக் குழி, எருக்குழி, மாட்டுத் தொழுவம், சாக்கடை எதுவானாலும் கிணற்றில் இருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்க வேண்டும். கிணறு மேட்டிலும் குழி பள்ளத்திலும் இருப்பது நல்லது. பாறை வெடிப்பு உள்ள நிலத்தில் 50 அடியும் போதும் என்று சொல்ல முடியாது. முடிந்த அளவு தள்ளிப் போக வேண்டும்.

உள்சுவர்: மேலிருந்து 20 அடி ஆழம் வரை தண்ணீர் கசியாத சுவர் வேண்டும். மேல்மண்ணின் அழுக்கு நீர் பக்கவாட்டில் கசிந்து இறங்காமல் இதுதான் தடுக்கும்.

கைப்பிடிச்சுவரும் மேடையும்: தரையில் இருந்து சுமார் இரண்டரை அடி உயரத்துக்குக் கைப்பிடிச்சுவர். அதைச் சுற்றி 3 அடி அகலத்துக்குச் சிமென்ட் மேடை, வெளிப்பக்கம் சரிவாக. சிந்தும் தண்ணீர் ஓட ஒரு சிறு வடிகால். மேடை வெடித்திருந்தால், அங்கே குளித்த தண்ணீரும் மாடு கழுவிய தண்ணீரும் நேராக உள்ளேதான் இறங்கும்.

மூடி: வலை மட்டும் போட்டால் இலை விழாது. ஆனால், பறவை எச்சமும் தூசியும் விழும். மூடி போட்டு மோட்டார் வைத்து இறைப்பதே நல்லது. வாளியும் கயிறும்தான் என்றால், கிணற்றுக்கென்று ஒரே வாளி இருக்கட்டும். அதைத் தரையில் வைக்காமல் கொக்கியில் மாட்ட வேண்டும்.

பார்த்தால் தெரியாது, சோதித்தால் தெரியும்

இப்போது பலர் டி.டி.எஸ் மீட்டர் வைத்திருக்கிறார்கள். அது தண்ணீரில் கரைந்த உப்பை மட்டும் காட்டும். கிருமியைக் காட்டாது. அதில் எண் குறைவாக இருந்தால் தண்ணீர் பாதுகாப்பானது என்று பொருள் இல்லை.

கிருமிக்கான சோதனையில் 'ஈ.கோலை' என்ற நுண்ணுயிரைத் தேடுவார்கள். மனிதன், மாடு போன்றவற்றின் குடலில் வாழ்வது இது. தண்ணீரில் இது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயப்படி, 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

சோதிக்கப் பெரிய செலவு ஆகாது. 1982-ல் குவாலியரில் இருந்த நம் நாட்டுப் பாதுகாப்பு ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் ஓர் எளிய குப்பியை உருவாக்கினார்கள். குப்பியில் குறித்திருக்கும் கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, அறைச் சூட்டில் 24 முதல் 48 மணி நேரம் வைத்தால், மலக்கழிவு கலந்த தண்ணீர் கறுத்துவிடும். நிறம் மாறாவிட்டால் பெரும்பாலும் கவலை இல்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 5 பெண்களுக்குத் தண்ணீர் சோதனைப் பயிற்சி தர ஏற்பாடு இருக்கிறது. ஊராட்சியில் கேட்டால் சோதனைப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று சொல்வார்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களிலும் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். வீட்டுப் பாட்டிலில் பிடித்தால், பாட்டிலின் கிருமியும் சேர்ந்துவிடும்.

சென்னைக்காரர்களுக்குக் கிண்டியில் கிங் நிலையம் இருக்கிறது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ.ஜி. கிங் பெயரில் அமைந்த இந்த நிலையம், 1899-ல் அம்மைத் தடுப்பு மருந்துக் கூடமாகத் தொடங்கியது. அந்த மருந்தைக் கன்றுகளின் தோலில் வளர்த்துத்தான் எடுத்தார்கள். தண்ணீர் ஆய்வும் இந்த நிலையத்தின் பணிகளில் ஒன்று.

வருடத்துக்கு இரண்டு முறை, அதாவது மழைக்கு முன்பும் மழை விட்ட பிறகும் சோதிப்பது நல்ல பழக்கம்.

பிளீச்சிங் பவுடர் போடும் கணக்கு

கிணற்றில் ஒரு கை பவுடரை அள்ளிப் போடுவதால் பயன் இல்லை. அளவு வேண்டும். 1,000 லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் தேவை.

வட்டக் கிணற்றில் எத்தனை லிட்டர் என்று அடிக்கணக்கிலேயே சொல்லலாம். குறுக்களவை அதே குறுக்களவால் பெருக்கி, அதைத் தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, வருவதை 22-ஆல் பெருக்கினால் போதும். 10 அடிக் குறுக்களவு, 12 அடித் தண்ணீர் என்றால், 10 × 10 × 12 × 22 = 26,400 லிட்டர். அதற்கு 66 கிராம் பவுடர்.

பவுடரை வாளியில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களியாகக் குழைக்க வேண்டும். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். பிறகு முக்கால் வாளி வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கி, 10 நிமிடம் அசையாமல் விட்டால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கயிறு கட்டிக் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கி, மேலும் கீழும் ஆட்ட வேண்டும். அடியில் படிந்த சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டக் கூடாது. குறைந்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்க வேண்டும். இரவில் போட்டுக் காலையில் இறைப்பது வசதி.

30 அடிக் குறுக்களவுள்ள பாசனக் கிணற்றில் 20 அடித் தண்ணீர் இருந்தால், கிட்டத்தட்ட 4 லட்சம் லிட்டர். அதற்கு ஒரு கிலோ பவுடர் தேவைப்படும். அவ்வளவுக்கும் போடுவதைவிட, குடிக்கும் தண்ணீரைத் தனி டேங்க்கில் ஏற்றி அதில் போடுவது மேல். 25 கிராம் எடை போட்டுப் பத்துச் சம பங்காகப் பிரித்தால், ஒரு பங்கு 1,000 லிட்டர் டேங்க்குக்குச் சரி.

பவுடர் டப்பாவைத் திறந்து வைத்தால் வீரியம் போய்விடும். இறுக மூடி, ஈரமும் வெயிலும் படாமல் வைக்க வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டுடன் ஒருபோதும் கலக்கக் கூடாது. அதில் வரும் வாயு நுரையீரலைக் கெடுக்கும். கலங்கலான தண்ணீர் குளோரினைத் தின்றுவிடும் என்பதால், தெளிய விட்டுப் போட வேண்டும். வெள்ளநீர் புகுந்த கிணற்றுக்கு இந்த அளவு போதாது. இறைத்துக் கொட்டிவிட்டு, வட்டாரச் சுகாதார ஆய்வாளரைக் கேட்டுச் செய்வதே சரி.

கிணற்றைத் தாண்டிய பிறகு

நல்ல தண்ணீரும் வீட்டுக்குள் வந்து கெடலாம். குடத்துக்குள் சொம்போடு கையையும் விடுவது அதில் முதல் வழி. நீளப் பிடி போட்ட கரண்டியோ, குழாய் வைத்த பானையோ இருந்தால் கை உள்ளே போகாது. சாணம் அள்ளிய பிறகும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பிறகும், சமைக்கும் முன்பும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். தண்ணீரில் நனைப்பது மட்டும் கழுவுவது ஆகாது.

விவசாயக் குடும்பத்துக்கு இது வருமானக் கணக்கும்கூட. பால் கேனைக் கெட்ட தண்ணீரில் கழுவினால், அந்தக் கிருமி பாலில் வேகமாகப் பெருகிப் பால் சீக்கிரம் திரியும். கேனை முதலில் சாதாரணத் தண்ணீரிலும், பிறகு சலவைச் சோடா கலந்த வெந்நீரிலும் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, கவிழ்த்து வெயிலில் காய வைக்க வேண்டும். கறக்கும் முன் கையையும் மடியையும் கழுவி, சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். கீரை பறித்து ஓடையிலோ தேங்கிய குட்டையிலோ அலசிக் கட்டுவதும் அப்படித்தான். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். வாங்கிப் போகிறவர் வீட்டுக்கு நோயும் கூடவே போகும். கடைசி அலசல் குடிக்கத்தக்க தண்ணீரில் இருக்கட்டும்.

வாசகர் கேள்விகள்

கிணற்றில் மீன் துள்ளி விளையாடுகிறது. தண்ணீர் நல்லது என்றுதானே அர்த்தம்?

தண்ணீரில் மீனைக் கொல்லும் விஷம் இல்லை என்று மட்டுமே அர்த்தம். மனிதனுக்கு நோய் தரும் கிருமிகள் மீனை ஒன்றும் செய்யாது. மீன் கொசுப்புழுவைத் தின்னும், ஈ.கோலையைத் தின்னாது.

தேத்தாங்கொட்டை தேய்த்தால் போதுமா?

கலங்கலைத் தெளிய வைக்க அருமையான பொருள். அழுக்கோடு சேர்ந்து கிருமியில் ஒரு பங்கும் அடியில் படியும். மீதி மேலேயே இருக்கும். தெளிந்த நீரை வடித்து, கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும்.

துணியில் வடிகட்டினால்?

ஓரளவு பயன் உண்டு. பழைய பருத்திச் சேலையை நான்கு மடிப்புக்கு மேல் மடித்து வடிகட்டிய வங்கதேசக் கிராமங்களில், காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2003-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. காலராக் கிருமி நீரில் வாழும் நுண்ணிய பூச்சிகளில் ஒட்டியிருப்பதால் துணியில் தங்கிவிடுகிறது. தனியே மிதக்கும் மற்ற கிருமிகள் துணியில் தங்காது.

எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும்?

தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் போதும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரமான இடங்களில் 3 நிமிடம். ஆறியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல், கொதித்த பாத்திரத்திலேயே மூடி வைப்பது நல்லது.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் முதலில் என்ன செய்வது?

உப்பு - சர்க்கரைக் கரைசல் கொடுப்பது. 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, ஊசி வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. திலீப் மஹலனாபிஸ் என்ற வங்காள மருத்துவர் இந்தக் கரைசலை வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். 100-க்கு 30 பேர் வரை இறந்த இடத்தில், இறப்பு 4 பேருக்கும் கீழே இறங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ் பொட்டலம் சிறந்தது. கையில் இல்லை என்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். உப்பு கூடிவிடக் கூடாது. கண் உள்வாங்குவது, சிறுநீர் போகாமல் இருப்பது, மயக்கம், மலத்தில் ரத்தம் ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு டேப்பும் அரை நாளும்

லண்டன் கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 3 அடி. உங்கள் வீட்டுக் கிணற்றுக்கும், அடுத்த மனையில் இறங்கப்போகும் குழிக்கும் இடையே எத்தனை அடி? பக்கத்து மனையில் வேலை தொடங்கும் முன்பே போய்ப் பேசினால், குழியின் இடத்தை மாற்றுவது எளிது. உறை இறக்கிய பிறகு அது சண்டையாகத்தான் முடியும். "உங்கள் போர்வெல்லுக்கும் இதுதான் நல்லது" என்று சொன்னால் கேட்காதவர்கள் குறைவு. அவர்களும் அதே நிலத்தடி நீரைத்தான் குடிக்கப் போகிறார்கள்.

அடுத்த இதழ் கைக்கு வருவதற்குள் ஒரு டேப் எடுத்துக் கிணற்றில் இருந்து நாலு பக்கமும் 50 அடி அளந்து பாருங்கள். அந்த வட்டத்துக்குள் எருக்குழி இருந்தால் இந்தக் கோடையிலேயே மாற்றிவிடலாம். மேடை வெடித்திருந்தால் ஒரு மூட்டை சிமென்ட்டில் பூசிவிடலாம். பக்கத்து வீட்டுக் கழிவறைக் குழி இருந்தால், கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து முடிவு தெரியும் வரை கொதிக்க வைத்துக் குடியுங்கள்.